பேட்டரி மேல் விழும் பழி

"செல்ஃப் எடுக்கல அண்ணே" என்று ஒரு வண்டி வந்து நின்றால் நான் உடனே மல்டிமீட்டரைத் தேடுவதில்லை. சாவியைத் திருப்பி, மீட்டரில் இருக்கும் நியூட்ரல் விளக்கைப் பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்துவேன். ரிலே டிக் டிக் டிக்கென்று படபடத்து, கூடவே விளக்கும் அணைந்து அணைந்து எரிந்தால், மோட்டார் கேட்கிற கரண்டைக் கொடுக்க முடியாமல் வோல்ட் சரிகிறது. ஒரே ஒரு 'டக்', விளக்கும் மங்கவில்லை என்றால் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம். ரிலேக்குள் முனை கருகியிருக்கும், இல்லையென்றால் மோட்டாரின் கார்பன் தேய்ந்திருக்கும். சத்தமே வரவில்லையா? கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், பட்டன், ஃபியூஸ் என்று போக வேண்டியதுதான். அரை நிமிட வேலை. இந்த அரை நிமிடத்தைச் செலவழிக்காமல் விற்கப்பட்ட பேட்டரிகள் நம் ஊரில் ஏராளம்.

"போன மாசம்தான் புது பேட்டரி போட்டேன், அதுக்குள்ள போச்சு" என்பார்கள். புது பேட்டரி நிறைந்த வயிற்றோடு வருகிறது. வண்டி அதற்குச் சோறு போடாவிட்டாலும் இருக்கிற கையிருப்பை வைத்துக் கொஞ்ச நாள் ஓட்டிவிடும். அந்தக் கொஞ்ச நாளில் போன மெக்கானிக்கின் நோயறிதல் சரிதான் என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். கையிருப்பு தீர்ந்ததும் மறுபடி தள்ளு வண்டி.

பேட்டரியே கெட்டிருப்பதும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஓய்வில் இருக்கும் நல்ல 12 வோல்ட் பேட்டரி மீட்டரில் 12.6-இலிருந்து 12.8 வரை காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கு. 12.0 என்றால் ஏறக்குறைய காலி. இப்போதுதான் ஓட்டி வந்த வண்டியில் இதைப் பார்க்கக் கூடாது. ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டு, அணைத்து, சற்றுப் பொறுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் 12.6 காட்டுகிறது, ஆனால் பட்டனை அழுத்தினால் 8-க்குப் போய் விழுகிறது என்றால், பேட்டரி பல நாள் காலியாகவே கிடந்து ஈயத் தகடுகளின் மேல் சல்பேட் இறுகிப்போயிருக்கலாம். தூர் வாராத ஏரியிலும் தண்ணீர் கலங்கல் மட்டத்துக்கு நிற்கும். மதகைத் திறந்த பிறகுதான் கொள்ளளவு தெரியும். அதனால் என் கணக்கில் ஓய்வு வோல்ட் பாதிச் சாட்சி மட்டுமே. முழுசாக சார்ஜ் ஏற்றி, பட்டனை அழுத்திய நேரத்தில் 10-க்கு மேல் தாங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் தீர்ப்பு.

வயருக்கும் இதே விதிதான். இந்த இடத்தில் அனுபவசாலிகளும் சறுக்குவார்கள். ஓம்ஸில் வைத்து வயரின் இரு முனையையும் தொடுவார்கள். மீட்டர் 'பீப்' என்று கத்தும். வயர் நல்லது என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். பத்து இழை அறுந்து ஒரே இழை மிச்சமிருந்தாலும் அந்த மீட்டர் கத்தத்தான் செய்யும். எர்த் போல்ட்டின் அடியில் படிந்த துருவால் 0.05 ஓம்ஸ் தடை வந்திருக்கிறது என்று வையுங்கள். சாதாரண மீட்டருக்கு அது கண்ணில் படாது. மோட்டார் 60 ஆம்பியர் இழுக்கும்போது அதே இடத்தில் 3 வோல்ட் காணாமல் போகும். வண்டி எடுக்காது. பழி பேட்டரிக்கு.

நான் செய்வது இது: மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலிலும் மறுமுனையை இன்ஜின் பாடியிலும் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தச் சொல்வேன். பாதை சுத்தமாக இருந்தால் அரை வோல்ட்டுக்கும் கீழேதான் காட்டும். ஒன்றரை, இரண்டு என்று ஏறினால் திருடன் எர்த் பக்கம் இருக்கிறான். பிறகு பாசிட்டிவ் டெர்மினலிலிருந்து ரிலே வரை, ரிலேயின் இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவே, ரிலேயிலிருந்து மோட்டார் வரை. எதையும் கழற்றாமல் ஐந்து நிமிடத்தில் இடம் தெரிந்துவிடும். கடற்கரை ஓரத்து வண்டிகளிலும், மழைத் தண்ணீரில் முங்கி எழுந்த வண்டிகளிலும் இந்தச் சோதனையை விட மாட்டேன். கப்ளருக்குள் பச்சை பூத்திருப்பது வெளியிலிருந்து தெரியாது.

சார்ஜிங் பக்கம் வருவோம். இன்ஜினை ஓடவிட்டு, நாலாயிரம் ஆர்பிஎம் பக்கம் பிடித்து, பேட்டரி முனையில் பார்த்தால் 13.8-க்கும் 14.5-க்கும் நடுவே நிற்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாடு இழந்துவிட்டது. ஆசிட் கொதித்து பேட்டரி உப்பிவிடும், பல்புகள் வரிசையாகப் போகும். 13-க்குக் கீழே என்றால் உடனே ரெகுலேட்டரைக் கழற்ற வேண்டாம். ரெகுலேட்டரிலிருந்து கரண்ட் வெளியேறும் இடத்தில் 14.3 இருந்து பேட்டரியில் 13 மட்டும் வருகிறதா? குற்றம் நடுவழியில், பெரும்பாலும் சூடேறிப் பழுப்பான ஒரு கப்ளரில்.

அங்கேயும் இல்லையென்றால்தான் கரண்டைத் தயாரிக்கும் காயில். மூன்று பேஸ் வண்டியில் பெரும்பாலும் மூன்று மஞ்சள் வயர்கள் வரும். கப்ளரைப் பிரித்து, இன்ஜினை ஓட்டி, இரண்டிரண்டாக ஏசி வோல்ட் பார்க்க வேண்டும். காட்டும் வோல்ட் வண்டிக்கு வண்டி மாறும். மூன்று ஜோடியும் ஒன்றுபோல இருப்பதுதான் முக்கியம். இன்ஜினை நிறுத்தி ஒவ்வொரு வயரிலிருந்தும் பாடிக்கு எர்த் அடிக்கிறதா பார்க்கலாம். காலையில் குளிர்ந்த இன்ஜினில் எல்லாம் சரியாகக் காட்டி, இருபது கிலோமீட்டர் ஓடியதும் வார்னிஷ் இளகி எர்த் அடிக்கும் காயில்கள் உண்டு. அதனால் வண்டியை நன்றாகச் சுடவைத்து ஒருமுறை பார்க்காமல் நான் காயிலுக்கு நற்சான்று தருவதில்லை.

எல்.இ.டி மாற்றினால் காயிலுக்குச் சுமை குறையும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நம் வண்டிகள் பலவற்றில் இருப்பது ஷண்ட் வகை ரெகுலேட்டர். வேண்டாத கரண்டை அது காயிலுக்கே குறுக்கே திருப்பிவிட்டு வெப்பமாகக் கழிக்கும். விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் காயில் உழைத்தே தீரும். ரெகுலேட்டர் மேல் காற்றுப் படாதபடி அப்பிய சேற்றைக் கழுவுவது அதைவிட உருப்படியான காரியம்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். வண்டி ஓடும்போதே பேட்டரி வயரைப் பிடுங்கி, "அணையல, சார்ஜிங் நல்லா இருக்கு" என்று சொல்லும் வித்தை. பேட்டரிதான் வோல்ட் துள்ளாமல் அமுக்கிப் பிடித்திருக்கிறது. அதை எடுத்ததும் எகிறும் வோல்ட் நேராக ரெகுலேட்டரையும் இசியூவையும் தாக்கும். கார்புரேட்டர் காலத்தில் ஒரு பல்போடு போயிற்று. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்து எஃப்ஐ பரவலான பிறகு அது இசியூ விலையில் முடிகிற விளையாட்டு.

நின்ற இடத்திலேயே இறங்கும் வண்டிகள் தனி. சாவியை அணைத்துவிட்டு நெகட்டிவ் வயருக்கும் டெர்மினலுக்கும் நடுவே ஆம்பியர் மீட்டரைக் கோர்த்தால், சில மில்லி ஆம்பியர் மட்டும் ஓட வேண்டும். கோர்த்தபடியே செல்ஃபை அழுத்திவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். பின்னால் பொருத்திய ஜிபிஎஸ் பெட்டி, அலாரம், மொபைல் சார்ஜர் இவைதான் வழக்கமான ஆசாமிகள். 50 மில்லி ஆம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர். 5 ஆம்பியர் அவர் பேட்டரி நாலு நாளைத் தாண்டாது.

எந்தப் பழுதும் கிடைக்காத வண்டிகளும் வருகின்றன. வீட்டிலிருந்து ரயில் நிலையம், மறுபடி வீடு. நடுவில் ஐந்து சிக்னல், ஒவ்வொன்றிலும் அணைத்து மறுபடி செல்ஃப். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் இன்ஜின் ஓடினால் ஹெட்லைட்டும் எரிந்தே ஆக வேண்டும். ஐட்லிங்கில் காயில் கொடுப்பது அந்தச் செலவுக்கே சரியாகப் போய்விடும். இவர்களிடம் வாரம் ஒருமுறை பைபாஸில் முக்கால் மணி நேரம் ஓட்டச் சொல்லி அனுப்புவேன். முடியாது என்பவரிடம் ஒரு சின்ன சார்ஜர் வாங்கச் சொல்வேன். எதையுமே மாற்றாமல் பார்த்ததற்கு மட்டும் காசு கேட்டால் முகம் சுளிப்பார்கள். பேட்டரி மாற்றியிருந்தால் பேரம் பேசாமல் கொடுத்திருப்பார்கள். ஆனாலும் பில்லில் 'எலக்ட்ரிக்கல் செக்கப்' என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுக்கிறேன்.