கடிவாளத்தைப் பற்றிக் கேட்ட வாசகி

கண்ணாடிப் பெட்டிக்குள் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனின் கடிதம் இருந்தது. 1967 நவம்பரில் எழுதியது. 'ஸ்மித் ஆஃப் வூட்டன் மேஜர்' என்ற சிறிய கதைப் புத்தகத்தைப் படித்த கையோடு அதை எழுதியவருக்கே நன்றி சொல்லி எழுதியிருக்கிறான். பையனின் பெயர் டெரி பிராட்செட். பிற்பாடு டிஸ்க்வேர்ல்ட் வரிசையில் 41 நாவல்கள் எழுதிய அதே பிராட்செட். கடிதம் போய்ச் சேர்ந்தது ஜே.ஆர்.ஆர். டோல்கீனுக்கு. நாவலாசிரியர் ஐரிஸ் மர்டாக், பாடகி ஜோனி மிட்செல் ஆகியோரின் கடிதங்களும் அங்கே இருந்தன. பின்னர் டென்மார்க்கின் அரசியான மார்கரெத்தே, டோல்கீனின் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதைக்குத் தானே வரைந்து அனுப்பிய படங்களும் இருந்தன.

இடம், ஆக்ஸ்ஃபோர்டின் பிராட் ஸ்ட்ரீட்டில் உள்ள வெஸ்டன் நூலகம். போட்லியன் நூலகத்தின் ஒரு பகுதி. 2018 ஜூன் முதல் அக்டோபர் வரை டோல்கீனின் கையெழுத்துப் படிகளையும் ஓவியங்களையும் வரைபடங்களையும் அங்கே காட்சிக்கு வைத்திருந்தார்கள். கட்டணம் இல்லை. மிகுபுனைவு எழுதுவது என்றாலே கண்ணை மூடிக்கொண்டு கனவு காண்பது என்றொரு எண்ணம் நம்மிடம் இருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அது விரல் தேயச் செய்கிற வேலை. அந்த வேலை நடந்த தாள்களைக் கண்ணால் பார்க்கத்தான் போனேன்.

உள்ளே ஒரே மங்கல். பழைய காகிதத்துக்கும் நீர்வண்ணத்துக்கும் 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்பது அருங்காட்சியகங்களின் வழக்கம். கண் பழகும்வரை நின்று, பிறகு ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. டோல்கீன் முதலில் பென்சிலால் அவசரமாகக் கிறுக்கி, அதன்மேலேயே மையால் எழுதியிருக்கிறார். பல பக்கங்களில் அடியில் உள்ள பென்சிலைப் படிக்கவே முடியவில்லை. 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலுக்காகக் கட்டம் போட்ட ஒரு தாளின் முன் வெகுநேரம் நின்றேன். மேலிருந்து கீழே தேதிகள்; பக்கவாட்டில் கதை மாந்தர்கள். ஒரே நாளில் ஃப்ரோடோ எங்கே, அரகோர்ன் எங்கே, கண்டால்ஃப் எங்கே என்று ஒரு வரியை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கதை பல கிளைகளாகப் பிரிந்த பின் இந்தத் தாள் இல்லாமல் அவரால் ஓர் அடியும் எடுத்து வைத்திருக்க முடியாது. 1944-இல், தென்னாப்பிரிக்காவில் விமானப்படைப் பயிற்சியில் இருந்த மகன் கிறிஸ்டோஃபருக்கு எழுதி முடித்த அத்தியாயங்களைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார். கதையில் நிலா உதிக்கும், மறையும் கணக்கு பிசகிவிட்டது, அதைச் சரிசெய்வதிலேயே பொழுது போய்விட்டது என்று ஒரு கடிதத்தில் மகனிடம் வருத்தப்படுகிறார். இல்லாத ஓர் உலகத்தின் நிலாவுக்காகப் போரின் நடுவே ஒரு பேராசிரியர் பிற்பகல் முழுவதும் உட்கார்ந்திருக்கிறார்! அந்த நேர்மை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

இது தனி ஆளின் வேலையும் இல்லை. வரைபடத் தாளில் மலைகளையும் பாதைகளையும் குறித்தவர் டோல்கீன். அவற்றை அச்சுக்கு ஏற்றபடி திருத்தமாக வரைந்தவர் கிறிஸ்டோஃபர். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்றாம் பாகத்துக்கு ஒரு பெரிய வரைபடம் அவசரமாகத் தேவைப்பட்டபோது, காலை ஆறு மணிக்கு உட்கார்ந்தவர் மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் எழுந்தார். தட்டச்சுக்கு ஆள் வைக்கப் பணம் இல்லாததால் அத்தனை பெரிய நாவலையும் டோல்கீன் தானே அடித்தார், பல பகுதிகளை மீண்டும் மீண்டும். கதையில் மோரியாச் சுரங்கத்தில் கிடைக்கும் எரிந்த புத்தகத்தின் பக்கங்களைக்கூடத் தன் கையாலேயே செய்திருக்கிறார். தாளைப் புகைக்குழாயால் பொசுக்கி, ஓரத்தில் தையல் துளை போட்டு, இரத்தக் கறைக்குச் சிவப்பு வண்ணம் தீட்டி. வண்ணத்தில் அச்சிட்டால் செலவு தாங்காது என்று பதிப்பகம் அவற்றைச் சேர்க்கவில்லை. அவருடைய 'ஹாபிட்' நாவலின் மேலட்டையிலும் இதே கதைதான். அவர் சிவப்பில் தீட்டிய சூரியனைச் செலவு கருதி விட்டுவிட்டார்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் என் மனம் வாசகர் கடிதங்களையே சுற்றி வந்தது. காரணம் உண்டு. டோல்கீனின் கடிதங்களை ஹம்ஃப்ரி கார்பென்டர், கிறிஸ்டோஃபரின் உதவியுடன் 1981-இல் தொகுத்து வெளியிட்டார், 354 கடிதங்கள். நாவல்களைவிட அதிகமுறை நான் புரட்டிய புத்தகம் அதுதான். அதில் கணிசமானவை முன்பின் தெரியாத வாசகர்களுக்கு எழுதிய பதில்கள்.

1954 ஜூலையில் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் பாகம் வந்தது. மூன்றாம் பாகம் 1955 அக்டோபரில். அதற்குள்ளேயே கேள்விகள் குவிய ஆரம்பித்துவிட்டன. ஒருவருக்குக் கதையில் வரும் எல்ஃப் இனத்தாரின் மொழி இலக்கணம் வேண்டும். இசை தெரிந்தவருக்குப் பாட்டுகளின் மெட்டும் சுரக்குறிப்பும் வேண்டும். செடிகொடி ஆராய்கிறவருக்குக் கதையுலகத்தின் தாவரங்களைப் பற்றிய துல்லியமான விவரம் வேண்டும். வரலாறு படிப்பவருக்குக் கதையில் வரும் கோண்டோர் நாட்டின் ஆட்சிமுறை தெரிய வேண்டும். இப்படி ஒரு பட்டியலையே டோல்கீன் ஒரு கடிதத்தில் தருகிறார். கதையில் வரும் ஒருவரின் பெயரையே கொண்ட ஒரு லண்டன்வாசி, அதன் வானொலித் தொடரைப் பற்றிக் கேள்விப்பட்டு, என் பெயர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று 1956-இல் எழுதிக் கேட்டார். டோல்கீன் விவரமாகப் பதில் எழுதி, மூன்று பாகங்களிலும் கையெழுத்திட்டு அவருக்கு அனுப்பிவைத்தார்.

1958-இல் ஒரு வாசகி வரிசையாகச் சில கேள்விகள் அனுப்பினார். அவற்றில் ஒன்று குதிரையைப் பற்றியது. எல்ஃப்கள் கடிவாளமும் சேணமும் இல்லாமல் சவாரி செய்பவர்கள் என்று கதை சொல்கிறது. அப்படியானால் குளோர்ஃபிண்டெல் என்ற எல்ஃபின் குதிரைக்கு மட்டும் கடிவாளம் எப்படி வந்தது? சாமர்த்தியமாக ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம்தான். டோல்கீன் அதைச் செய்யவில்லை. கவனக்குறைவாக எழுதிவிட்டேன், அது வெறும் அலங்காரத் தலைவாராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். 1965-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அந்த வர்ணனையிலிருந்து கடிவாளம் போய்விட்டது. இன்று அந்தப் பக்கத்தைப் படிக்கும் எவரும் அந்த வாசகியின் கேள்வியையும் சேர்த்தே படிக்கிறார்கள்.

இன்னொரு கடிதம் வேறு வகை. ஆக்ஸ்ஃபோர்டில் கத்தோலிக்கப் புத்தகக் கடை நடத்திய ஒருவர் 1954-இல் எழுதினார். எல்ஃப்கள் மறுபிறவி எடுப்பதாக எழுதுவது ஒரு கதாசிரியரின் எல்லையைத் தாண்டுவது ஆகாதா என்பது அவர் கேள்வி. டோல்கீன் தீவிரமான கத்தோலிக்கர். கேள்வி அவரை உலுக்கியிருக்க வேண்டும். படைப்பு, கடவுள், தீமை, கதைசொல்லியின் உரிமை என்று பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். பிறகு, என்னை நானே அளவுக்கு மீறிப் பெரிதாக எடுத்துக்கொள்வதுபோல் தோன்றுகிறது என்ற பொருள்படக் குறித்து, அனுப்பாமல் வைத்துவிட்டார். தன் உலகத்தைப் பற்றி அவர் எழுதிய மிக ஆழமான பக்கங்களில் சில, தபால்பெட்டியைப் பார்க்காத அந்தக் கடிதத்தில் இருக்கின்றன.

நூலகத்திலிருந்து நடந்து நார்த்மூர் ரோட்டுக்குப் போனேன். 20-ஆம் எண் வீட்டில் 1930 முதல் 1947 வரை டோல்கீன் குடும்பம் இருந்ததாக நீலப் பலகை சொல்கிறது. வீட்டில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். சாலையில் நின்று பார்த்துவிட்டு நகர்வதே மரியாதை. நான்கு பிள்ளைகள், கல்லூரி விரிவுரைகள், கூடுதல் வருமானத்துக்காகக் கோடையில் மூட்டை மூட்டையாக விடைத்தாள் திருத்துதல். இவற்றுக்கு நடுவே இரவில் கிடைத்த நேரத்தில் எழுதியதுதான் எல்லாம். 'ஹாபிட்' கதையின் முதல் வாக்கியமே, மாணவர் ஒருவர் எழுதாமல் விட்ட விடைத்தாள் பக்கத்தில் பிறந்தது.

இத்தனை நெருக்கடியில் வாழ்ந்த மனிதர் ஓய்வுபெற்ற பிறகாவது கதவைச் சாத்திக்கொண்டு 'சில்மரில்லியன்' நூலை முடித்திருக்கக் கூடாதா என்று ஆதங்கப்படுகிறவர்கள் உண்டு. அது அவர் காலத்தில் முடியவில்லை. மகன்தான் தொகுத்து 1977-இல் வெளியிட்டார். நேரத்தையெல்லாம் வாசகர்கள் தின்றுவிட்டார்கள் என்பது அவர்கள் குறை. தொல்லை இருந்தது உண்மை. அமெரிக்காவிலிருந்து நேர வித்தியாசம் பாராமல் நள்ளிரவில் தொலைபேசி அடித்தது. 1968-இல் அவரும் மனைவி ஈடித்தும் தென்கடற்கரையில் போர்ன்மத் அருகே குடிபெயர்ந்தபோது முகவரியை வெளியே சொல்லவில்லை. பதிப்பகத்தில் வேலை பார்த்த ஜாய் ஹில் கடிதக் கட்டுகளைப் பிரித்து உதவிக்கொண்டிருந்தார். எழுத்தாளர் வாழ்க்கையில் இப்படிப்பட்டவர்களின் பங்கைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

ஆனாலும் அந்தக் குறையை நான் ஏற்கவில்லை. கேள்வி வந்தபோதெல்லாம் அவர் மீண்டும் தன் உலகத்துக்குள் போய்த் தேடியிருக்கிறார். திரும்பி வரும்போது கையில் புதிதாக ஏதோ இருந்திருக்கிறது. நாவலாசிரியர் நவோமி மிட்சிசன் 1954-இல் கேட்ட கேள்விகளுக்கு எழுதிய நீண்ட பதிலைப் படித்தால் அது தெரியும். நாவலில் ஓரிரு வரியில் கடந்துபோன செய்திகள் அங்கே விரிந்து நிற்கின்றன. எழுதும் மேசையும் பதில் எழுதும் மேசையும் அவருக்கு ஒன்றுதான்.

பதில் எழுதிய பழக்கம் அவரைக் காப்பாற்றவும் செய்தது. 1965-இல் ஏஸ் புக்ஸ் என்ற அமெரிக்கப் பதிப்பகம், காப்புரிமையில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தி, அவர் அனுமதியில்லாமல் மூன்று பாகங்களையும் மலிவு விலையில் போட்டது. அமெரிக்க வாசகர்களுக்கு எழுதிய பதில்களில் இந்த விஷயத்தையும் டோல்கீன் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார். செய்தி பரவியது, வாசகர்கள் கொதித்தார்கள். கடைசியில் ஏஸ் அவருக்கு ராயல்டி தர ஒப்புக்கொண்டது. இருந்த பிரதிகள் தீர்ந்த பின் மறுபதிப்பு போடவில்லை.

2023-இல் கடிதத் தொகுப்பு விரிவாக்கப்பட்டு, 150-க்கும் மேற்பட்ட புதிய கடிதங்களுடன் வந்தது. அதை வாங்கியதும் பழைய கேள்வி ஒன்றைத்தான் முதலில் தேடிப் போனேன். கதையில் என்ட்டுகள் என்னும் மரமனிதர்கள் தங்கள் பெண்களைத் தொலைத்துவிட்டுத் தேடி அலைகிறார்கள். அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள்? மிட்சிசனுக்கு 1954-இல் எழுதும்போது, போரில் தோட்டங்களோடு அழிந்திருப்பார்கள் என்றே நினைப்பதாகச் சொன்னார். 1972 ஜூனில் ஒரு வாசகர் அதையே கேட்டார். மனைவி இறந்து, ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பி, மெர்ட்டன் கல்லூரி கொடுத்த அறைகளில் தனியாக இருந்த காலம், வயது 80. தனக்கு உண்மையிலேயே தெரியாது என்று பதில் எழுதினார்.