சிராப்பள்ளியில் ஒரு பகல்

மாத்தளைப் பகுதியிற் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் திருச்சிராப்பள்ளி என்பது வெறும் ஊர்ப்பெயரன்று. பாட்டன் வாயிற் கேட்ட சொல். "நமக்குப் பூர்வீகம் திருச்சிப் பக்கம்" என்று கூறும் குடும்பங்கள் எங்கள் தோட்டங்களிற் பல. எந்தக் கிராமம் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால் மாத்திரம் பெரும்பாலோரிடம் விடை இராது. அத்தகைய ஊருக்கு ஆகஸ்டு விடுமுறையில் ஆசிரியர் நால்வராகிய நாங்கள் முதுகுப் பைகளுடன் சென்றிருந்தோம். தமிழ்நாட்டிற் பத்து நாட் பயணம். அதிலே திருச்சிக்கு ஒதுக்க முடிந்தது ஒரே ஒரு பகல்.

நாற்பதைக் கடந்தவர்கள் கல்லூரி மாணவர்களைப் போலப் பை சுமந்து திரிவது வீட்டாருக்கு நகைப்பாக இருந்தது. எங்களுக்கோ அது ஒரு நேர்த்திக்கடன் போல. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக நூறு மைலுக்கும் மேலாகக் காட்டுவழி நடந்து மாத்தளையை அடைந்த கோப்பிக் காலத்து முன்னோரும் தம் உடைமைகளை ஒரு மூட்டையாகவே சுமந்து வந்தனர். அவர்களுட் காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் இரையாகி வழியிலேயே வீழ்ந்தோர் எத்தனையோ பேர். மாத்தளைக்கு இரயில் வந்தது 1880 ஆம் ஆண்டிலேதான்.

சென்னையிலிருந்து இரவு வண்டியிற் புறப்பட்டு விடியுமுன் திருச்சிச் சந்திப்பில் இறங்கினோம். நிலையத்தின் பொருள் வைப்பறையில் மூவர் பைகளை ஒப்படைத்தோம். கணித ஆசிரியரான நண்பர் மாத்திரம் தம் பையைக் கொடுக்க மறுத்துவிட்டார். காரணம் கேட்டோம், "இருக்கட்டும்" என்றார்.

முதலில் மலைக்கோட்டை. ஏறும் வழியிலே தாயுமானவர் சந்நிதி. பிரசவ வேதனையில் இருந்த மகளிடம் வரவேண்டிய தாயைக் காவிரி வெள்ளம் மறுகரையிலேயே நிறுத்திவிட, சிவபெருமான் அத்தாயின் உருவில் வந்து பணிவிடை செய்தார் என்பது தலவரலாறு. அதற்கும் மேலே முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டிற் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, நதிகளை விரும்பும் சிவன் காவிரியைக் கண்டு மயங்கிவிடுவானோ என்று மலைமகள் அஞ்சியதாகக் கூறுகிறது. அரசர்களின் கல்வெட்டுக்களில் இத்தகைய குறும்பைக் காண்பது அரிது.

உச்சிப் பிள்ளையாரோ எங்கள் நாட்டோடு வழக்குடையவர்! இராமனிடம் பெற்ற அரங்கநாதர் திருவுருவத்துடன் இலங்கைக்குத் திரும்பிய வீடணன், காவிரிக் கரையில் மாலைக் கடன் முடிக்க எண்ணி அதனை ஒரு சிறுவனிடம் கொடுத்தான். சிறுவன் அதைத் தரையில் வைத்துவிட்டான். வைத்தது வைத்ததுதான், பெயர்க்க முடியவில்லை. சினந்த வீடணன் துரத்திச் சென்று குன்றின் உச்சியிற் பிடித்துத் தலையிற் குட்டினான், அச்சிறுவனே பிள்ளையார். அரங்கன் இன்றும் தென்திசை நோக்கியே பள்ளிகொண்டிருக்கிறான். கதையைக் கேட்ட கணித ஆசிரியர் தோட்பட்டையை இறுக்கிக்கொண்டு, "இதற்காகத்தான் பையை இறக்கவில்லை" என்றார்.

மலையுச்சியிலிருந்து பார்த்தால் காவிரியும் கொள்ளிடமும் இருபுறம் அணைக்க, நடுவே திருவரங்கத் தீவு பச்சைப் பசேலெனத் தெரிகிறது. இறங்கி நகரப் பேருந்திலேறி அம்மா மண்டபத்தை அடைந்து நீராடினோம். ஏழு பிராகாரங்களும் 21 கோபுரங்களும் கொண்ட கோயிலை இரண்டு மணி நேரத்திற் பார்த்தோம் என்று எழுதுவது அக்கோயிலுக்கு நாம் செய்யும் அவமரியாதை. பல தலைமுறைக் காலம் மொட்டைக் கோபுரமாக நின்று 1987 இல் நிறைவுற்ற 236 அடி இராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தபோது, மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் 108 அடிக் கோபுரம் நினைவில் வந்தது. திருவானைக்காவில் அர்ச்சகர் புடவை உடுத்து அம்மனாகச் சென்று சிவனைப் பூசிக்கும் உச்சிக்காலப் பூசையும் வாய்த்தது.

பிற்பகலில் எங்கே செல்வது? சமயபுரம் என்பது முன்பே பேசி முடிவு செய்தது. மாரியம்மனைக் குலதெய்வமாகக் கொண்டாடும் ஊரிலிருந்து வந்துவிட்டுச் சமயபுரத்தாளைக் காணாது திரும்புவதா? அப்பொழுதுதான் கணித ஆசிரியர் மெல்லச் சொன்னார்: "நீங்கள் போய் வாருங்கள். இங்கே எனக்கு ஓர் அத்தை இருக்கிறார்."

எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றிற் பிறந்த அவருடைய தந்தைக்கும் அத்தைக்கும் 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்பின் எந்நாடும் சொந்தமில்லாது போயிற்று. 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. தம்பி இலங்கைப் பங்கில் விழுந்தார். தமக்கை கணவருடன் இந்தியப் பங்கில். 1974 இல் தலைமன்னாரிற் கப்பலேறினார். யுத்தத்தால் 1984 இல் அக்கப்பற் போக்குவரத்தும் நின்றது. தம்பி தமக்கையைக் காணாமலே இறந்தார்.

நால்வருமே அத்தை வீட்டுக்குச் சென்றோம்.

நகரின் புறத்தே ஓட்டு வீடு. எண்பதைக் கடந்த மூதாட்டி திண்ணையில் அமர்ந்திருந்தார். நண்பர் தம்மை இன்னாரென்று சொன்னதும் அவர் அழவில்லை. முகத்தை இரு கைகளாலும் தடவிப் பார்த்து, "தம்பி மூக்கு அப்படியே இருக்கு" என்றார். பின்பு கேள்விகள் தொடங்கின. லயத்து இஸ்தோப்பில் நின்ற பலாமரம் இருக்கிறதா? பெரட்டுக்களத்துக்கு இன்னும் தப்படித்துத்தான் ஆட்களைக் கூப்பிடுகிறார்களா? மாசிமகத்துக்கு ஐந்து தேரும் ஓடுகின்றனவா? எங்களால் இயன்றவரை விடை கூறினோம். அண்டை வீட்டுப் பெண்ணொருத்தி எட்டிப்பார்த்து, "சிலோன்காரம்மா, சொந்தக்காரங்களா?" என்று கேட்டாள். ஐம்பது ஆண்டு வாழ்ந்தும் அப்பெயர் மாறவில்லை. "அங்கே இருந்தப்ப இந்தியாக்காரி, இங்கே வந்தா சிலோன்காரி" என்று மூதாட்டி சிரித்தார். அச்சிரிப்பிற் கசப்பு இல்லாதது எங்களுக்கு வியப்பாயிருந்தது. எங்களாலானால் அவ்வாறு சிரித்திருக்க முடியாது.

அப்பொழுதுதான் நண்பர் பையைத் தரையில் இறக்கினார். உள்ளே தந்தையின் புகைப்படம் ஒன்று. அதே தோட்டத்துத் தேயிலை அரைக் கிலோ. மூதாட்டி படத்தை மடியில் வைத்துக்கொண்டார். தேயிலைப் பொட்டலத்தைப் பிரித்து நெடுநேரம் முகர்ந்தார். "நாங்க கிள்ளுனது நல்ல கொழுந்து, எங்களுக்குக் குடிக்கக் கிடைச்சது தூசி. இதுதான் நாங்க கிள்ளுனது" என்றார்.

தேநீர் ஊற்றித் தந்தவர் மகள். புறப்படும் வேளையில் மூதாட்டி தாமே அடுப்படிக்குச் சென்று, தேங்காய் ரொட்டி தட்டி, மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டச்சம்பலோடு இலையிற் சுற்றித் தந்தார். இரவு மதுரை வண்டியில் அதைப் பிரித்தபோது, எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் ஒருவர், இது எந்த ஊர்ப் பலகாரம் என்று விசாரித்தார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "திருச்சி" என்றார் கணித ஆசிரியர். அவருக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தார்.