முத்திரையும் கையும்

பழம்பொருள் சேகரித்தல் பொழுது போகாத செல்வர்களின் விளையாட்டு என்னும் எண்ணம் எம்மவரிடையே உண்டு. நாணயமும் பீங்கானும் மணிக்கூடும் சேர்ப்போர் பலர் அவற்றின் விலையையே பேசுவதால், அவ்வெண்ணம் முற்றிலும் பொய்யன்று. ஆயினும் ஒரு பொருளை அதில் அடங்கிய உழைப்பைக் கொண்டு அளக்கக் கற்றுக்கொண்டால், சேகரிப்பும் ஒரு கல்வியாகும். ஆசிரியத் தொழிலின் சிறு வருவாயில் நாம் சேர்த்து வருபவை பழைய வில்லுக்கத்திகள். அவற்றையும் தனித்தனியே அன்றிச் சோடி சோடியாகவே சேர்க்கின்றோம்.

மடக்குக்கத்தியை யாழ்ப்பாணத்தார் வில்லுக்கத்தி என்பர். ஆங்கிலேயர் அதற்கு இட்ட பெயர் சட்டைப்பையை ஒட்டியது. கத்தி இருக்கும் இடத்தையே அது கூறுகின்றது. பேனாக்கத்தி என்பது பயனைக் கூறுவது. பறவையின் இறகைச் சீவி எழுதிய காலத்தின் எச்சம் அது. வில்லுக்கத்தி என்ற பெயரோ பொறியைக் கூறுகின்றது. கைப்பிடியின் முதுகில் ஓர் உருக்குப் பட்டை வில்போல நின்று அலகின் அடியை அழுத்துகின்றது. விரித்த அலகு விரிந்தபடியும் மடித்த அலகு மடிந்தபடியும் நிற்பது அவ்வழுத்தத்தினாலேயே. இப்பெயரை இட்டவன் கத்தியின் உள்ளே எட்டிப் பார்த்தவனாதல் வேண்டும்.

எமது முதற் கத்தி பாட்டனாருடையது. பாக்குச் சீவவும் மாங்காய் அரியவும் அவர் அதை மடியிற் செருகியிருப்பார். 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்வில் வீட்டுப் பொருள்கள் யாவும் போயின. மடியிலிருந்த கத்தி மட்டும் எஞ்சியது. ஷெபீல்ட் நகரின் ஜோசப் றொட்ஜர்ஸ் நிறுவனத்தின் விண்மீனும் மால்ற்றாச் சிலுவையும் அதன் அலகின் அடியிற் பொறிக்கப்பட்டுள்ளன. பல ஆண்டுகளின் பின்னர் அதே அளவும் அதே மாதிரியும் உடைய இன்னொன்று கொழும்பில் ஒரு பழைய சாமான் கடையிற் கிடைத்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த பின்னரே சோடியின் பயன் எமக்குப் புலனாயிற்று. ஒரு பொருளைத் தனித்துப் பார்க்கும்போது, அது இருக்கும் விதமே இயல்பானது என்று தோன்றும். துணையொன்று சேர்ந்தபின் அவ்வாறு தோன்றுவதில்லை.

ஒரு கத்தியில் 'இங்கிலாந்து' என்ற சொல் உண்டு, மற்றதில் இல்லை. அமெரிக்காவில் இறங்கும் பொருள்களில் அவை உற்பத்தியான நாட்டின் பெயர் இருத்தல் வேண்டும் என 1890ஆம் ஆண்டின் அந்நாட்டுச் சுங்கச் சட்டம் விதித்தது. ஆகவே அச்சொல் உள்ள கத்தி பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டதாகும். கைப்பிடி இரண்டிலும் மரைக்கொம்பு. இந்தியக் காடுகளில் மரைகள் உதிர்த்த கொம்புகள் ஷெபீல்டுக்குக் கப்பலேறியமை வரலாறு. கொம்பின் வரிகள் வேறுபடுதல் இயற்கை. ஆனால் ஆணி ஒன்றில் ஒரு நெல் உமியளவு விலகியுள்ளது. நகம் கொடுத்துத் திறக்கும் பள்ளம் ஒன்றிற் சற்று நீளம். சாணைக் கீற்றுகள் ஒன்றில் நேராகவும் மற்றதிற் சரிந்தும் உள்ளன. முத்திரை ஒன்றே, கைகள் வேறு.

அக்கைகள் எவருடையவை? உலையில் அலகை அடித்தவர் ஒருவர். சாணை பிடித்தவர் ஒருவர். வில்லும் தகடும் கொம்பும் பொருத்தியவர் ஒருவர். சாணைக்கல்லுக்கு இடவாடகை கொடுத்து, பிறர் முத்திரைக்காக உழைத்த சிறு தொழிலாளர் அந்நகரிற் பலர் இருந்தனர். கத்தியில் அவர்கள் பெயர் இல்லை.

எமது இரண்டாவது சோடியில் ஒன்று ஷெபீல்டினது. மற்றது அதே பாணியில் ஜேர்மனியின் சோலிங்கன் நகரிற் செய்யப்பட்டது. ஷெபீல்டின் பெயரைப் பொய்யாகப் பொறித்த பிறநாட்டுக் கத்திகள் சந்தைக்கு வந்தபோது உற்பத்தியாளர் கொதித்தெழுந்தனர். 1887இல் வணிகக் குறிச் சட்டம் பிறந்தது. முத்திரைகளைக் காக்கும் அதிகாரம் கத்தித் தொழிலாளர் சங்கத்துக்கு 1624ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றச் சட்டத்தால் வழங்கப்பட்டிருந்தது. பெயருக்கு இத்துணைக் காவல் இருந்தது. நுரையீரலுக்கு இருந்த காவல் யாது?

1845இல் வெளிவந்த 'இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலைமை' என்னும் நூலில் ஏங்கல்ஸ் இதற்கு விடை தருகின்றார். ஷெபீல்ட் மருத்துவர் நைற் கண்டவற்றை அவர் எடுத்துரைக்கின்றார். அங்கே சாணை பிடிப்போர் ஏறக்குறைய 2,500 பேர். உலர்ந்த கல்லில் முள்ளுக்கரண்டி தீட்டியோர் 28 முதல் 32 வயதுக்குள் மாண்டனர். நீர் ஊற்றிய கல்லில் மேசைக்கத்தி தீட்டியோர் 40 முதல் 50 வயதுக்குள் மாண்டனர். கல்லின் தூளும் இரும்பின் தூளும் நெஞ்சிற் படிந்து அவர்களைக் கொன்றன. அவர்களுள் பெருங்குடியரே நீண்டு வாழ்ந்தனராம்; வேலைக்குப் போகாத நாட்கள் அவர்களுக்கே மிகுதி. முப்பதுகளைக் கடந்துகொண்டிருக்கும் எமக்கு இவ்வெண்களை வெறும் எண்களாக வாசித்தல் இயலவில்லை.

தூளைக் காற்றால் இழுத்து அகற்றும் பொறி அக்காலத்திலேயே இருந்தது. ஆனால் சில இடங்களில் தொழிலாளரே அதனை அழித்தனர். ஆபத்துக் குறைந்தால் மேலும் பலர் அத்தொழிலுக்கு வருவர், கூலி விழும் என்பதே அவர்களின் அச்சம். இதனை அறியாமை எனக் கூறிக் கடந்து செல்லுதல் எளிது. தன் நெஞ்சின் அழிவையே தன் கூலியின் வேலியாகக் கொள்ளுமாறு ஒரு மனிதனை நிறுத்திய ஏற்பாட்டையன்றோ நாம் கேள்வி கேட்டல் வேண்டும்?

அண்மையிற் சேர்ந்த சோடி ஒன்றைப் பற்றியும் கூறவேண்டும். இரண்டும் ஷெபீல்ட் கத்திகளே. ஆனால் ஒன்றின் கொம்பு ஒரு பக்கம் உடைந்து போக, எம்மூர்க் கொல்லர் எவரோ அவ்விடத்திற் கருங்காலித் துண்டொன்றைப் பொருத்தியிருக்கின்றார். ஆணியின் தலையைத் தட்டிப் படியவைத்த சுத்தியலின் தழும்பு இன்றும் தெரிகின்றது. சேகரிப்பாளர் பலர் இத்தகைய கத்தியைக் குறைபாடுடையது என்று விலக்குவர். விற்றவரும் அதனாலேயே மலிவாகக் கொடுத்தார். எமக்கோ சேகரிப்பில் இதுவே தலையாயது. கடலுக்கு அப்பால் அலகைத் தீட்டியவரும் இப்பால் கைப்பிடியைத் திருத்தியவரும் ஒருவரையொருவர் அறியார். இருவர் பெயரையும் நாம் அறியோம். ஆயினும் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் வேலையைத் தொடர்ந்துள்ளார்.

நூதனசாலைகளின் பெயர்ச்சீட்டுகள் பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரையும் ஆண்டையும் தந்து நின்றுவிடுகின்றன. பாடநூல்களும் அவ்வாறே. மாணவர் கையிற் பழைய பொருளொன்றைக் கொடுக்கும்போது, அதைப் போன்ற இன்னொன்றையும் சேர்த்துக் கொடுப்போமாக. இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று அவர்கள் தேடட்டும். அந்த உமியளவு வேறுபாட்டில், பெயர் எழுதப்படாத ஒரு மனிதன் உழைத்த இடத்தை அவர்கள் காண்பர்.