பட்டா இல்லாத 58 ஜிபி

2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் எங்கள் அண்ணன் மகளுக்கும் ஒன்று கிடைத்தது. உசிலம்பட்டி பக்கம் கிராமம். அந்த வீட்டுக்குள் வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். ஆன் செய்ததும், 'விண்டோஸா, பாஸா?' என்று கேட்கும். பாஸ் என்பது சி-டாக் உருவாக்கிய, லினக்ஸ் வகையைச் சேர்ந்த நம் நாட்டு இயங்குதளம். நல்ல சரக்குதான், சொல்லிக்கொடுக்கத்தான் ஊரில் ஆள் இல்லை.

அவள் கல்லூரிக்குப் போன பிறகு, சி டிரைவ் நிரம்பிச் சிவப்பாகிவிட்டது. பாஸை எடுத்தால் இடம் கிடைக்கும் என்று பக்கத்து வீட்டுப் பையன் அதன் பகுதிகளை அழித்துவிட்டான். மறுமுறை போட்டால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நிற்கிறது. முதலில் கேள்வி கேட்கும் அந்த வாசல்காரன், பாஸோடு வந்தவன். விண்டோஸின் பூட் பதிவைத் திரும்ப எழுதிவிட்டுத்தான் அவனை அனுப்ப வேண்டும். மதுரையில் ஒரு கடையில் அதைச் சரிசெய்தார்கள். ஆனால், "இடம் போனது போனதுதான், புது ஹார்ட் டிஸ்க் போடணும்" என்றார்களாம். அண்ணனுக்கு அது பல நாள் பூ பறித்த காசு.

"சித்தப்பா, 58 ஜிபியைக் காணோம்!" என்று போன் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். 320 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் 298 என்றுதான் காட்டும். தயாரிப்பவர் ஆயிரத்தால் வகுக்கிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. அந்த 22 திருட்டுப் போகவில்லை. ஆனால் சி, டி இரண்டையும் கூட்டினால் 240தான் வந்தது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தேன். கடைசியில் 58 ஜிபி பெயரில்லாமல் கிடந்தது. நிலம் அப்படியே இருக்கிறது, பட்டாதான் ரத்தாகியிருக்கிறது. புறம்போக்கு!

உடனே சேர்த்திருக்கலாம். "ஏத்தா, பாஸில் எதுவும் வச்சிருந்தியா?" என்று கேட்டேன். யோசித்தாள். முகம் மாறியது. "பிளஸ் டூ படிக்கும்போது அப்பத்தாவை அந்தக் கேமராவுல எடுத்தேன் சித்தப்பா..."

அப்பத்தா என்றால் என் அம்மா. அந்தத் தை மாதம்தான் தவறியிருந்தார். எங்களிடம் இருந்தது ரேஷன் கார்டு படம் ஒன்றுதான்.

பகுதியை அழிக்கும்போது போவது அட்டவணையில் உள்ள பதிவுதான். மேலே புதிதாக எழுதாதவரை உள்ளே இருந்தது பெரும்பாலும் கிடக்கும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு, மீட்பதை பென்டிரைவில் சேமிக்கச் சொன்னேன். அதே டிஸ்க்கில் சேமித்தால் தேடுவதன் மேலேயே எழுதிவிடும் ஆபத்து உண்டு. சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்த பிறகும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெயர்கள் எல்லாம் போய், வெறும் எண்களாக நூற்றுக்கணக்கான படங்கள். பாதி, பாஸின் ஐகான்கள். அவற்றுக்கு நடுவே பதினொன்றில் அம்மா. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டு, ஒன்றில் கேமராவைத் திட்டிக்கொண்டு.

அண்ணன் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அப்புறம்தான் இடத்தைச் சேர்த்தோம். 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' வலப்பக்கம் ஒட்டியிருக்கும் காலி இடத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும். நடுவில் டி என்ற வரப்பு இருந்ததால் சி-க்குக் கிடைக்கவில்லை, டி-யில் சேர்த்தோம். சி-யில் இருந்த பாடங்களையும் சினிமாக்களையும் அங்கே மாற்றினாள். சினிமாக்கள்தான் அதிகம்.