திரையில் இருப்பதும் பதிவில் இருப்பதும்

பத்திரம் எழுத வந்தவனுக்கு முதல் பாடம், தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுது என்பதுதான். எண்ணுக்குப் பின்னால் ஒரு சைபரை ஒட்டிவிடலாம். 'ரூபாய் ஐம்பதாயிரம் மட்டும்' என்று எழுதிவிட்டால் அந்த 'மட்டும்' யாரையும் தாண்ட விடாது. அடித்தல் திருத்தல் இருந்தால், அந்த இடத்தில் எழுதிக் கொடுத்தவரின் கையொப்பம் வேண்டும். அது இல்லாத ஆவணத்தை ஏற்க மறுக்க, 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சார் பதிவாளருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. சாந்தோம் நெடுஞ்சாலையில் 100ஆம் எண் கட்டடம் பதிவுத்துறைத் தலைவர் அலுவலகம். காலை நடையில் அதைக் கடக்கும்போதெல்லாம் பழைய தொழில் ஞாபகம் வந்துவிடும்.

தரமணியில் மென்பொருள் வேலை பார்க்கும் என் பேத்தி ஒருநாள் என் வங்கிக் கணக்குப் பக்கத்தைத் திறந்து, எஃப் 12 பொத்தானை அழுத்தி, ஏதோ தட்டினாள். ஆயிரங்களில் இருந்த என் இருப்பு லட்சங்களாகிவிட்டது. அதே எழுத்து, அதே நிறம், ஒரு பிசிறு இல்லை. "பயப்படாதீங்க தாத்தா, இந்தத் திரையில மட்டும்தான். ரீஃப்ரெஷ் பண்ணா போயிடும்" என்றாள்.

யாரும் கை வைக்க முடியாதபடி பூட்டக் கூடாதா என்று கேட்டேன். வழிகள் இருக்கின்றனவாம். ஜாவாஸ்கிரிப்டில் மியூட்டேஷன் அப்சர்வர் என்று ஒன்று உண்டு. பக்கத்தின் ஒரு பகுதியில் எழுத்தோ பண்போ மாறினால் அது உடனே தகவல் சொல்லும்; நம் நிரல் பழையதைத் திரும்பப் போட்டுவிடும். அப்படிப் போடுவதும் ஒரு மாற்றம்தானே? அதற்கும் அது தகவல் சொல்லும். சரிபார்க்காமல் எழுதினால், போட்டதையே மறுபடி மறுபடி போட்டுக்கொண்டு பக்கம் திணறிப் போகும். ஆப்ஜெக்ட் ஃப்ரீஸ் என்று இன்னொன்று. பெயரைக் கேட்டால் எல்லாம் உறைந்துவிடும் போலிருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் பொருளின் சொந்தப் பண்புகளை அது உறைய வைக்கும். திரையில் தெரியும் உறுப்பின் உள்ளடக்கத்தை மாற்றுவதைத் தடுக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, பார்ப்பவர் தன் உலாவியில் ஜாவாஸ்கிரிப்டையே நிறுத்தி வைக்கலாம். காவல் நிரலும் அதோடு போயிற்று.

தவறுதலாக நேரும் மாற்றத்துக்கும், பக்கத்தில் சேர்த்த வேறொரு நிரலின் குறும்புக்கும் இந்தக் காவல் போதும். வேண்டுமென்றே மாற்றுகிறவருக்குப் போதாது. பிறர் கைக்குப் போய்விட்ட தாளை எந்த எழுத்தரால் காக்க முடிந்தது? அதனால்தான் பதிவு அலுவலகத்தில் 1 புத்தகம் என்று ஒன்று வைத்தார்கள். உங்கள் கையிலுள்ள பத்திரத்தில் என்ன சுரண்டினாலும், அசையாச் சொத்துக்கு அந்தப் புத்தகத்தில் ஏறியிருப்பதே பேசும். இணையத்திலும் சர்வரில் உள்ள கணக்குதான் புத்தகம். பொருளின் விலையைப் பக்கத்தில் எழுதி வைத்து, வாங்குபவரின் உலாவி திருப்பி அனுப்பும் தொகையையே நம்பிப் பில் போடும் கடைக்காரர், ஆயிரம் ரூபாய்ப் பொருளை ஒரு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டுத் தலையில் கை வைக்க வேண்டியதுதான். அவர் மேல் எனக்கு இரக்கம் வருவதில்லை.

மாற்றம் கடையின் பக்கத்திலிருந்தே புறப்பட்டால் கதை வேறு. 2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளத்தில் திருடர்கள் நுழைத்தது வெறும் 22 வரி ஜாவாஸ்கிரிப்ட். பயணிகள் தட்டிய அட்டை விவரங்களின் ஒரு பிரதி அந்தத் திருடர்களுக்கும் போனது. திரையில் எதுவும் மாறித் தெரியவில்லை. 2020இல் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அந்த நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. எந்த இடத்து நிரல் ஓடலாம், தகவல் எங்கே போகலாம் என்று உலாவிக்கு முன்கூட்டியே பட்டியல் கொடுக்கும் கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி இத்தகைய திருட்டுக்கு எதிரானது. அதை ஒழுங்காக எழுத நிறையப் பேருக்குப் பொறுமை இல்லை என்று பேத்தி குறைப்பட்டுக்கொண்டாள். பொறுமையில்லாத எழுத்தர்களை நானும் பார்த்திருக்கிறேன்.

என் வயதுக்காரர்களுக்கு இதில் ஒரு காரியம் இருக்கிறது. 'உங்களுக்குப் பணம் திருப்பித் தர வேண்டியிருக்கிறது' என்று போனில் ஒருவன் பேசுவான். எனிடெஸ்க் போன்ற செயலியைப் போடச் சொல்லி உங்கள் கணினிக்குள் வருவான். பேத்தி காட்டிய அதே வித்தையில் இருப்பைக் கூட்டிக் காட்டுவான். 'ஐயோ சார், ஐயாயிரத்துக்குப் பதில் ஐம்பதாயிரம் போட்டுட்டேன், என் வேலையே போயிடும், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்க' என்று அழுவான். நேர்மையானவர்தான் இதில் ஏமாறுவார். அவர் அனுப்புவது தன் சொந்தப் பணம்.

அப்படி யாராவது அழைத்தால் போனையும் இணைய இணைப்பையும் துண்டியுங்கள். மறுநாள் வங்கிக் கிளைக்குப் போய் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பாருங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே 1930 எண்ணுக்கு அழையுங்கள்.