குங்குமக் கூம்பும் மங்கிய எழுத்தும்

இணையதளங்கள் வாடிக்கையாளரைத் திசைதிருப்பும் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ‘வேண்டாம்’ என்ற பதிலை மங்கிய நிறத்தில் ஒளித்துவைப்பதும் அதில் அடங்கும். நிறத்துக்கு அவ்வளவு வலிமை எங்கிருந்து வருகிறது? நிறத்தை வைத்தே பிழைப்பவர்களின் வேலையைப் பார்த்துத்தான் இதற்கு விடை தேட வேண்டும் என்று நினைத்தேன். மைசூரின் தேவராஜ மொஹல்லாவில், பழைய தேவராஜ மார்க்கெட்டில், குங்குமக் கடைகளின் முன்னால் நின்றால் விடை கண்ணெதிரே இருக்கிறது. தட்டுத் தட்டாகப் பொடிகள், ஒவ்வொன்றும் கூர்மையான கூம்பு. கூம்பின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். ஒரே சிவப்பு இரண்டு சிவப்பாகிறது. மஞ்சளை ஒட்டி நிற்கும் ஊதா, தனியே இருப்பதைவிடப் பளிச்சென்று எழுகிறது. நிறத்தின் பலம் அதன் அக்கம்பக்கத்தில் இருக்கிறது என்பதே நான் கண்ட உண்மை. ஆரத்தி கரைக்கும் வீடுகளுக்கு இது புதிதல்ல: மஞ்சள் தனியே மஞ்சள்தான், சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பு. பழைய முறைக் குங்குமம் பிறந்ததும் இப்படித்தான்.

‘சிவப்பு அவசரம், நீலம் நம்பிக்கை’ என்று வாய்ப்பாடு சொல்பவர்கள் இதை மறுப்பார்கள். அவர்கள் அடிக்கடி காட்டும் சான்று, 2011இல் வெளியான ஓர் இணையப் பக்கச் சோதனை: பச்சைப் பட்டனைவிடச் சிவப்புப் பட்டனை 21 சதவீதம் அதிகமாக அழுத்தினார்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே பச்சை நிறைந்திருந்தது. சிவப்பு தனித்துத் தெரிந்தது. பக்கம் முழுதும் சிவப்பாக இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம். சோதனை செய்தவரே இந்த முடிவை எல்லாத் தளங்களுக்கும் பொருத்தக் கூடாது என்று எச்சரித்தார். சிவப்புக்கென்று பொருளே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது, அதையும் இடம்தான் தருகிறது. நெற்றியில் மங்கலமாக நிற்கும் அதே சிவப்பு, சாலை முனை விளக்கில் ‘நில்’ என்கிறது.

சந்தையும் கண்ணைக் கவர்ந்துதானே விற்கிறது, இணையதளத்தை மட்டும் ஏன் குறைசொல்ல வேண்டும் என்பது இன்னும் கனமான கேள்வி. கவர்வது குற்றமில்லை. ஆனால் பொடிக்கடையில் வாங்குபவர் விரலில் தேய்க்கிறார், முகர்கிறார், விலை பேசுகிறார், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்கு நகர்கிறார். திரையின் முன் இருப்பவருக்குக் கண் ஒன்றே துணை. அந்தக் கண்ணிலும் சிலருக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரிவதில்லை. முதுமையில் மங்கிய எழுத்து மறைந்தே போகிறது. அதனால்தான் எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்று உலக வலைக் கூட்டமைப்பின் நெறிகள் கேட்கின்றன. ‘சம்மதம்’ என்பதை ஆரஞ்சில் எழுதி, ‘மறுக்கிறேன்’ என்பதை வெள்ளைமேல் சாம்பலாக எழுதும் நிறுவனம், இந்த அளவை அறியாமல் அல்ல, அறிந்தே மீறுகிறது. கூம்பு பிடிக்கும் கை சரக்கை உயர்த்திக் காட்டுகிறது. அந்த நிறுவனத்தின் கை நம் உரிமையை மறைக்கிறது. முன்னது தொழில், பின்னது களவு.

அடுத்த முறை திரையில் ஒரு பட்டன் பளிச்சென்று அழைத்தால், அதன் பக்கத்தில் மங்கிக் கிடக்கும் எழுத்தை முதலில் படியுங்கள்.