தூக்கணாங்குருவியின் பங்காளி

காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். தூக்கணாங்குருவிக்கு அங்கே 'திஸ்ஸரேன்' என்று பெயர். நெசவாளியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பொருத்தம்தான். ஆண் குருவி நெல் தோகையையும் பனையோலையையும் நாராகக் கிழித்துப் பாதிக் கூடு பின்னும். பெட்டை வந்து பார்த்துச் சம்மதித்தால்தான் மீதி வேலை நடக்கும். இல்லையென்றால் கூடு அரைகுறையாகவே தொங்கும்.

போன மாதம் பேரன் கைப்பேசியில் ஒரு படம் காட்டி, "தாத்தா, இது நம்ம ஊர்க் குருவிதானே?" என்றான். அதே மஞ்சள் தலை. ஆனால் உடல் கொஞ்சம் பெரிது, அலகும் தடிமன். படித்துப் பார்த்தேன். அது ஃபின் தூக்கணாங்குருவி, நம் குருவிக்குப் பங்காளி. இமயமலை அடிவாரத்துப் புல்வெளிகளில் வாழ்வது. 1869ல் நைனிடால் பக்கத்துக் காலாதுங்கியில் கிடைத்த குருவியை வைத்து அதை முதலில் விவரித்தவர் ஹியூம். காங்கிரசைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான அதே ஹியூம்தான்!

நம் குருவியின் கூடு சுரைக்குடுக்கை போலத் தொங்கும். பங்காளியின் கூடு தொங்காது. பெரும்பாலும் இலவமரம் போன்ற உயர்ந்த மரங்களின் உச்சியில், சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிப் போட்டுவிட்டு உருண்டையாகக் கட்டும். காக்கைக்கு அது வசதியாகப் போயிற்று; முட்டையையும் குஞ்சையும் தூக்கிச் செல்கிறது. புல்வெளிகளோ கரும்பும் நெல்லும் விளையும் வயல்களாகிவிட்டன. அதனால் அது இன்று உலகப் பட்டியலில் 'அருகிய இனம்'.

நம் குருவி அதே பட்டியலில் 'கவலை குறைந்த இனம்'. அலுவலகத்தில் நாங்கள் கோப்பில் எழுதுவோமே, 'மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று, அதுபோல. பேரன் நிம்மதியாகப் போய்விட்டான். எனக்குத்தான் நிம்மதி இல்லை. அந்தப் பட்டியல் பாகிஸ்தானிலிருந்து ஜாவா வரை மொத்தமாகக் கணக்குப் பார்க்கிறது. எங்கள் வாய்க்கால் கரை அதில் தனியாக வராது.

திருவையாற்றுப் பக்கம் எங்கள் வயல் வரப்பில் இரண்டு பனைகள் நின்றன. ஐப்பசியில் ஓலைக்கு ஓலை கூடுகள் ஆடும். அறுவடை இயந்திரம் இறங்க வழியில்லை என்று அவற்றை வெட்ட முடிவானபோது, பங்காளிகளோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டவன் நான். மறு வருஷம் குருவிகள் வந்து சுற்றிப் பார்த்தன. பிறகு வரவில்லை.

இந்த வருஷம் கிணற்றோரக் கருவேலத்தில் மூன்று கூடுகள் தெரிகின்றன. அதை வெட்ட இன்னும் யாரும் கேட்கவில்லை. கேட்டால் இந்த முறை கையெழுத்துப் போட மாட்டேன்.